ஜெர்சி சிட்டியில் கை நனைத்த கதை

பள்ளிக்கூடத்தில் ஜியாகரபி நடத்திய காலமெல்லாம் டென்மார்க் எனக்கு ஒரே ஒரு வரிதான். பால்பண்ணைத் தொழிலில் சிறந்த நாடு, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஏற்றுமதி செய்கிறது. அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, பரீட்சையிலும் கேட்டு, தப்பாக எழுதிய பிள்ளைகளுக்கு மார்க்கையும் குறைத்திருக்கிறேன். டென்மார்க் வெண்ணெய் எப்படி இருக்கும் டீச்சர் என்று ஒருத்தி எழுந்து கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். இந்தப் புரட்டாசியில்தான் அதற்கு விடை கிடைத்தது. அதுவும் டென்மார்க்கில் இல்லை, நியூ ஜெர்சியில்.

காரணம் எங்கள் மகன் பிரபு. மான்மவுத் ஜங்ஷனில் வீடு, கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்க்கும் லீனாவைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகப் போன வருஷமே சொல்லிவிட்டான். பெயரைக் கேட்டதும் கோபியில் இருக்கும் என் நாத்தனார், "நம்மூருப் பேராட்டவே இருக்குது, எந்த ஊருப் புள்ள?" என்று ஆவலாகக் கேட்டார். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு டென்மார்க்கிலிருந்து வந்த பெண் என்றதும் போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் சட்டென்று சரி சொல்லமாட்டார். பாதை காலியாக இருக்கிறது, அனுப்பு என்று அடுத்த ஸ்டேஷனிலிருந்து சம்மதம் வந்தால்தான் இங்கே வண்டி நகரும். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். பிரபு கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "லைன் கிளியர் இன்னும் குடுக்கலப்பா" என்பார். வேண்டாம் என்றும் சொல்லமாட்டார், சரி என்றும் சொல்லமாட்டார். ஒரு வருஷமாக வண்டி சிக்னலில் நின்றது.

எனக்கோ வீடியோவில் பேசிய இரண்டாவது முறையே அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அவள் பேச்சில் பூச்சு கிடையாது. மாமாவுக்குச் சம்மதம் இல்லாத கல்யாணம் எனக்கும் வேண்டாம் என்று பிரபுவிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். ஆகவே எல்லாமே இவர் தலை ஆடுவதில் இருந்தது. அந்தத் தலையை ஆட்டிவைப்பதற்காகத்தான் இவரையும் கூட்டிக்கொண்டு நான் விமானம் ஏறினேன். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தவர்களும் அருவி பார்க்க வந்தவர்களும் நிறைந்திருந்த அந்த விமானத்தில் இப்படி ஒரு வேலையாக வந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

வந்த மறுநாள் காலை வாக்கிங் போனோம். எதிரில் வருகிற ஒவ்வொருவரும் சிரித்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல இவர் வாயைத் திறப்பதற்குள் தாண்டிப் போனார்கள். இவர் நின்று திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார். காற்றுதான் கேட்டது.

"என்ன ஊரு கலா இது. எப்படி இருக்கறேன்னு கேக்கறான், நிக்க மாட்டேங்கறான். சாப்டியான்னு ஒருத்தனும் கேக்கல."

"காலங்காத்தால ரோட்டுல எவனுங்க சாப்டியான்னு கேப்பான்?"

"ஈரோட்டுல கேப்பான்."

ஈரோட்டில் கேட்பான்தான். இவருக்கு மனிதர்களை எடைபோட ஒரே படிக்கல் அதுதான். ஒரு வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவேண்டுமென்றால், "அவங்க வீட்டுல போனதும் சாப்ட்டீங்களான்னு கேட்டாங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சர்டிபிகேட் அவரிடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பிரபு விஷயத்தைச் சொன்னான். லீனாவின் அப்பா அம்மா ஜெர்சி சிட்டியின் பழைய பகுதியில் டேனிஷ் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். நாளை மத்தியானம் அங்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் கோபியிலிருந்து போன். நாத்தனாருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"போங்க, பாருங்க, பேசுங்க. கைய மட்டும் நனைச்சுப் போடாதீங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொல்லியாயிற்று என்று அர்த்தம். பிடிக்கும்வரை அங்கே கை நனைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பார்கள். அக்கா சொல்லை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

"எலுமிச்சஞ்சோறும் தயிர்ச்சோறும் கட்டிரு. வண்டியிலயே சாப்ட்டுட்டு வயிறு நெறையப் போயி உக்காந்துக்கலாம்."

"அது சாப்பாட்டுக் கடைங்க. அங்க போயி சாப்பிடலைன்னா என்ன நெனப்பாங்க?"

"லைன் கிளியர் இல்லாம வண்டி நகராது."

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. இவருக்கு விரதம். காலையில் ஒரு காபி, உச்சிக்கு மேல் ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். பிரபு காரில் கூட்டிப்போகிறேன் என்றான். ஆயுள் முழுக்க ரயிலை அனுப்பிவைத்தவனை மூட்டை மாதிரி காரில் ஏற்றப் பார்க்கிறாயா என்று இவர் முறுக்கிக்கொண்டார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு லீனாவுக்கு உதவி செய்யப் பிரபு முன்னதாகவே போகவேண்டியிருந்தது. எங்களை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறக்கிவிட்டு, "போர்டுல டெஸ்டினேஷன் போட்டிருக்கும்பா, செக் பண்ணிட்டு ஏறுங்க" என்றான்.

ஒரு ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. இவர் போர்டு இருந்த பக்கமே திரும்பவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தார், நியூயார்க் இருக்கும் திசையைப் பார்த்தார். "ரெட்டைப் பாதை. போற வண்டி இடது பக்கம், வர்ற வண்டி வலது பக்கம். சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்" என்று இடது பக்க பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போனார். வண்டி வந்தது. ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மேலே பரணில் வைத்துவிட்டு, எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடி ரசித்தார்.

எனக்கு என்னவோ உறுத்தியது. வடகிழக்கே போகிற வண்டியில் முற்பகல் வெயில் வலது கைப்பக்கம் விழவேண்டும். என் இடது கன்னம் சுட்டது.

"ஏனுங்க, சூரியன் தப்பான பக்கம் இருக்குது."

"அமெரிக்காவுல சூரியன் வேற பக்கம் இருக்கும், பேசாம வா."

ஜியாகரபி டீச்சரிடம் சொன்ன பதில் இது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் டிக்கெட் பார்க்க ஒரு அம்மா வந்தார். வாட்டசாட்டமான உருவம், இடுப்பில் சாவிக்கொத்து. டிக்கெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கண்ணு, இது ட்ரென்டன் போற வண்டியாச்சே. நீங்க வந்த வழியே திரும்பிப் போகணும்" என்று இங்கிலீஷில் சொன்னார். கண்ணு என்பது என் மொழிபெயர்ப்புதான். ஆனால் அவர் சொன்ன வார்த்தையில் அதே ஈரம் இருந்தது.

பிறகு பிரபு சொல்லித்தான் தெரிந்தது, அமெரிக்காவில் ரயில் வலது பக்கம் ஓடுமாம். ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாத யாராவது போயிருந்தால் போர்டைப் படித்துவிட்டு ஒழுங்காக ஏறியிருப்பார்கள். இந்தத் தப்பைச் செய்ய ரயில்வேயிலேயே ஊறிய ஒருவர் வேண்டும்.

ட்ரென்டனில் எதிர்ப்பக்கம் நியூயார்க் வண்டி புறப்பட நின்றது. இறங்கி ஓடி அதில் ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேர் கையிலும் பை இல்லை. எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, மோர் மிளகாய் எல்லாம் அந்த வண்டியின் பரணிலேயே இருந்தன. நான் வேண்டுமென்றேதான் விட்டேன் என்று இவருக்கு இன்றுவரை சந்தேகம். இருக்கட்டும்.

பிரபுவுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நெவார்க்கில் வேறு ரயில் மாறி, ஜெர்சி சிட்டியில் வெளியே வந்தபோது மத்தியானம் நன்றாகச் சாய்ந்திருந்தது. இவர் முகம் வாடிப்போயிருந்தது. வழியில் ஏதாவது வாங்கிச் சாப்பிடலாம் என்றேன். விரதச் சாப்பாட்டை நின்றுகொண்டு கண்ட கடையில் சாப்பிட மாட்டாராம்.

ஆனால் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குக் கால்வலி மறந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள் மேகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க, இந்தப் பக்கம் செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒவ்வொரு வாசலுக்கும் உயரமான கல் படி, இரும்புக் கைப்பிடி. நடைபாதைகூடச் செங்கல்தான். மரங்களின் வேர் அதைத் தூக்கிவிட்டிருந்ததால் மேடும் பள்ளமுமாக இருந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடுகளை இடிக்காமல், மெருகு போட்டுக் குடியிருக்கிறார்கள். நம் ஊராக இருந்தால் இந்நேரம் அடுக்குமாடியும் கீழே நகைக்கடையும் வந்திருக்கும்.

தெருமுனை வீட்டின் கீழ்த்தளம்தான் கடை. நீலக் கதவு. டை கட்டிய சர்வர் இல்லை, மேஜைத் துணியும் இல்லை. வெள்ளைச் சுவர், தேய்த்துக் கழுவிய மர மேஜைகள், சாக்பீஸால் எழுதிய கரும்பலகை. குழந்தையோடு வந்தவர்களும், சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு வந்தவர்களுமாக நல்ல கூட்டம். மேஜைக்கு மேஜை மெழுகுவத்தி எரிந்தது.

"பட்டப்பகல்ல எதுக்கு? கரண்ட் போயிருச்சா?" என்று இவர் என் காதில் கேட்டார்.

லீனா ஓடிவந்தாள். "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து, சமையலறைப் பக்கம் பார்த்து, நிறுத்திக்கொண்டாள். அவள் அம்மா கிர்ஸ்டன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ரயில் விஷயம் கேள்விப்பட்டேன், மிகவும் களைத்திருப்பீர்கள் என்றார். ஜன்னலோரப் பெரிய மேஜையில் உட்காரவைத்தார்கள்.

அந்த மேஜை வெறுமையாக இருந்தது. தட்டு இல்லை, கரண்டி இல்லை, ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. மெழுகுவத்தி மட்டும்தான். பக்கத்து மேஜையில் ஒரு பையன் கறுப்பு ரொட்டியில் வெண்ணெயைச் சுவருக்குப் பூசுவது போலப் பூசிக்கொண்டிருந்தான். வறுத்த வெங்காய வாசனை வேறு. இவர் பார்வை அங்கே போய்ப் போய்த் திரும்பியது.

"என்ன கலா, தண்ணிகூட வெக்கல?"

நான் பிரபுவை முறைத்தேன். அவன் குனிந்து மெதுவாகச் சொன்னான். "நாந்தாம்மா சொன்னேன். முடிவாகற வரைக்கும் நம்ம சைடுல கை நனைக்க மாட்டாங்கன்னு எக்ஸ்பிளெய்ன் பண்ணினேன். அப்ப அவங்க முன்னாடி எதையும் கொண்டு வந்து வெக்கறது தப்பு, அது கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்னு லீனா அப்பா சொல்லிட்டாரு. தண்ணியும் வேண்டாம்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உபசரித்திருந்தால் இவர் வேண்டாம் வேண்டாம் என்று கம்பீரமாக மறுத்திருப்பார். அதற்காகத்தானே முந்தின நாளிலிருந்து ஒத்திகை பார்த்தார். மறுக்க ஒன்றுமே இல்லாமல் பசியோடு உட்கார்ந்திருப்பதற்கு அவர் தயாராக வரவில்லை.

லீனாவின் அப்பா ஹென்ரிக் ஏப்ரனில் கை துடைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தார். நல்ல உயரம், வெயிலில் சிவந்த முகம், அதிகம் பேசாத ஆள். இரண்டு மௌன சாமிகள் எதிரெதிரே. நான் பேச்சை ரயிலுக்குத் திருப்பினேன். இவர் இடது வலது கணக்கை விளக்கினார். பிரபு மொழிபெயர்த்தான். ஹென்ரிக் சிரிக்கவில்லை. தீவிரமாகக் கேட்டுவிட்டு, "எங்கள் நாட்டிலும் ரயில் வலது பக்கம்தான். பாலத்தைத் தாண்டி ஸ்வீடனுக்குப் போனால் அங்கே இடது பக்கம். நான் அங்கே போனால் இதே தப்பைத்தான் செய்வேன்" என்றார்.

"அப்ப ஒரே வண்டி எந்த எடத்துல பக்கம் மாறும்? மேம்பாலமா, சிக்னலா?" என்று இவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஹென்ரிக்குக்கு அது தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் இவருக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்களை இவருக்குப் பிடிக்கும். தான் மட்டும் சொல்லமாட்டார்.

அப்போது சமையலறையிலிருந்து ஒரு பெண் தட்டோடு வந்து ஹென்ரிக் முன்னால் வைத்தாள். அவர் பார்க்காமலே அதைத் திருப்பிக் கொடுத்தார். கிர்ஸ்டன் என் பக்கம் சாய்ந்து, "காலையிலிருந்து இப்படித்தான். ஒரு வாய் சாப்பிடவில்லை" என்றார்.

பிரபு அதையும் மொழிபெயர்த்துவிட்டான். இவர் நிமிர்ந்தார். "ஏன் சாப்பிடலையாம்? கேளுடா."

ஹென்ரிக் கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "இது என் பெண்ணைப் பற்றிய பேச்சு. நீங்கள் பசியோடு யோசிக்கும்போது நான் மட்டும் வயிறு நிறைய எப்படி உட்கார்ந்திருப்பேன்? நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்களோ அப்போதுதான் நானும். இன்று இல்லை என்றால் இன்று இல்லை."

லீனா மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக நான் சொல்லிப் பார்க்காத சமாதானம் இல்லை, வைக்காத வேண்டுதல் இல்லை. இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஹென்ரிக்கின் கைகளைப் பார்த்தார். அடுப்பில் சுட்ட வடுக்கள் நிறைந்த கைகள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பிரபு, கை கழுவற எடம் எங்கடா?" என்றார்.

அவ்வளவுதான். பிரபுவுக்குப் புரிந்தது, எனக்குப் புரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. லீனாவுக்கு விளங்கவில்லை. வாஷ்பேசினை நோக்கி நடந்துபோன இவர் முதுகைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிரபு சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் ஈரக் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அப்பா தடுத்துவைத்திருந்த அந்த மிச்ச வார்த்தையைச் சொன்னாள்.

"சாப்பிடுங்க மாமா."

பிறகு சாப்பாடு வந்தது பாருங்கள். புரட்டாசி என்று சொல்லியிருந்ததால் மீனும் கறியும் முட்டையும் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அதே கறுப்பு நிறத்தில் கனமான ரொட்டி, ஒரே ஒரு துண்டு. மேலே மூடி கிடையாது. அதன்மேல் கனமாக வெண்ணெய், வெண்ணெய்மேல் வட்ட வட்டமாக உருளைக்கிழங்கு, அதன்மேல் பொடியாக நறுக்கிய வெங்காயத் தாள், மேலே மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம். தொட்டுக்கொள்ள இனிப்பும் புளிப்புமாக வெள்ளரிக்காய். ரொட்டியைக் கடித்ததும் புளித்த கம்மங்கூழின் வாசம் நாக்கில் ஏறியது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். ரயில் எஞ்சினுக்கு மட்டும் வைத்திருந்த மரியாதை அது.

வெண்ணெயைப் பற்றியும் சொல்லவேண்டும். மஞ்சளாக, லேசான உப்போடு, வாயில் வைத்ததும் கரைந்தது. நான் நடத்திய பாடத்தில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

இந்த ரொட்டியைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்துத்தான் சாப்பிடவேண்டும், கையில் எடுப்பது டென்மார்க்கில் வழக்கமில்லை என்று லீனா சொன்னாள். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கை படாம சாப்பிட்டா எங்கக்கா கணக்குல சேத்திக்க மாட்டா" என்றார். பிரபு இதைச் சொன்னதும் ஹென்ரிக் தன் கத்தியைக் கீழே வைத்தார். ரொட்டியைக் கையில் எடுத்து ஒரு கடி கடித்தார். பாதி உருளைக்கிழங்கு மடியில் விழுந்தது. கடையே திரும்பிப் பார்க்குமளவு கிர்ஸ்டன் சிரித்தார். பிறகு எழுந்துபோய் ஒரு டிராயரைத் திறந்து, குட்டிக் குட்டியாக டென்மார்க் கொடிகளைக் கொண்டுவந்து மேஜை நெடுக நிறுத்தினார். வீட்டில் நல்ல காரியம் என்றால் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். நமக்கு மாவிலைத் தோரணம், அவர்களுக்குக் கொடி.

கிளம்பும்போது லீனா இவருக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள். டென்மார்க்கில் சாப்பிட்டு எழுந்ததும் சாப்பாட்டுக்கு நன்றி என்று வீட்டாரிடம் சொல்லியே ஆகவேண்டுமாம். இவர் மூன்று வார்த்தையையும் மனப்பாடம் செய்து, ஹென்ரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "தக் ஃபோர் மத்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் சமைக்கிறேன். எந்த மொழியிலும் எனக்கு இது வந்ததில்லை. இனி டேனிஷிலாவது வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோபியில் சாயந்திரம் ஆகியிருந்த நேரத்தில், இவரே நாத்தனாருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன், வைத்தார்.

"லைன் கிளியர் குடுத்துட்டேன்க்கா."

அந்தப் பக்கம் டிவி சத்தம் சட்டென்று நின்றது. பிறகு நாத்தனார் குரல் வந்தது. "கைய நனைச்சியா?"

"நனைச்சுட்டேன்."

"அத்தன சொல்லியும் நனைச்சியா. அப்படி என்னத்தடா வெச்சாங்க உனக்கு?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணுமே வெக்கலக்கா. அதுக்காவத்தான் சாப்ட்டேன்."